செடியின் மேல் பழியில்லை

பூவிருந்தவல்லிக்கும் திருப்பெரும்புதூருக்கும் நடுவே பரந்து கிடக்கும் செம்பரம்பாக்கம் ஏரி, சென்னைக்குக் குடிநீர் தரும் பெரிய ஏரிகளில் ஒன்று. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. நிரம்பி நின்றால் நீர்மட்டம் 24 அடி. உபரி நீர் அடையாற்றில் இறங்கிக் கடலுக்குப் போகிறது. இந்த ஏரியின் ஓரங்களிலும், போரூர், அம்பத்தூர், ஆவடிப் பக்கத்து நீர்நிலைகளிலும், அவற்றின் வரத்துக் கால்வாய்களிலும் எளிதில் கண்ணில் படும் பூச்செடிகள் சிலவற்றுக்குத் தாயகம் அமெரிக்கக் கண்டம். சீமைக்கருவேலம் கரையை வளைத்து நிற்கிறது. நெய்வேலிக் காட்டாமணக்கு இளஞ்சிவப்புப் பூக்களோடு ஈரமுள்ள பள்ளங்களில் புதராகிறது. சாக்கடை கலந்த தண்ணீரில் வெங்காயத் தாமரை ஊதாப் பூ விரிக்கிறது. தரிசு நிலத்திலும் சாலை ஓரத்திலும் உண்ணிச்செடியும் பார்த்தீனியமும் இடம் பிடித்துக்கொள்கின்றன.

இவை வருவதற்கு முன்பு இங்கு இருந்தவற்றுக்கும் பெயர்கள் உண்டு. சோழமண்டலக் கரையோரச் சமவெளி ஒரு காலத்தில் உயரம் குறைந்த, அடர்ந்த, ஆண்டு முழுவதும் பச்சை மாறாத புதர்க்காடாக இருந்தது. காசான், வீரை, உலக்கைப்பாலை, காரை, களா, சூரை, சங்கஞ்செடி, ஆதொண்டை, பிரண்டை, குன்றி ஆகியவை அதன் குடிகள். தொண்டை மண்டலம் என்ற பெயரே ஒரு கொடியால் வந்தது என்பது மரபு. அந்தக் கொடியை ஆதொண்டை என்பாரும் உண்டு, கோவை என்பாரும் உண்டு. நீரில் அல்லி, ஆம்பல், நெய்தல், கொட்டி, வள்ளை. கரைச் சேற்றில் நீர்முள்ளி, கோரை, சம்பு. சுற்றுவட்டாரத்து ஊர்ப்பெயர்களிலும் இந்தத் தாவரங்கள் தங்கியிருக்கின்றன. திருவேற்காட்டில் வேல மரம், திருமுல்லைவாயிலில் முல்லை, மாங்காட்டில் மா. பூவிருந்தவல்லி என்பதில் பூவே முன்னால் நிற்கிறது. திருக்கச்சி நம்பிகள் அங்கே நந்தவனம் வைத்து, காஞ்சி வரதருக்கு நாள்தோறும் பூச்சுமந்து போனார் என்று வைணவ மரபு சொல்கிறது.

வந்த செடிகள் இருந்த செடிகளை எப்படி வெல்கின்றன என்பது இன்று நன்கு தெரிந்த செய்தி. சாதகமான தண்ணீர் கிடைத்தால் வெங்காயத் தாமரை இரண்டே வாரங்களில் இரட்டிப்பாகும். அது மூடிய நீரில் வெளிச்சம் இறங்காது. அடியில் உள்ள கொடிகள் அழுகும், கரைந்த உயிர்வளி குறையும், மீன் மூச்சுத் திணறும். சீமைக்கருவேலத்தின் காய் இனிப்பானது. ஆடும் மாடும் தின்று, செரிக்காத விதையைச் சாணத்தோடு ஊர் முழுக்க விதைக்கின்றன. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து முன்னிலும் அடர்த்தியாகத் துளிர்க்கிறது. உண்ணிச்செடியின் கனியைப் பறவைகள் பரப்புகின்றன. ஆடு மாடு அதன் இலையைத் தின்றால் நோயுறும் என்பதால் மேய்ச்சலில் அது தப்பிக்கொள்கிறது, பக்கத்தில் நிற்கும் நாட்டுச்செடி மட்டும் கடிபடுகிறது.

இவற்றை அகற்றியாக வேண்டும் என்பதில் பொதுப்பணிக்கும் தாவரவியலுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அறத்தின் பக்கம் திரும்பினால்தான் தயக்கம் தொடங்குகிறது. உயிர்களில் இது வாழட்டும், அது சாகட்டும் என்று பிரிக்கும் உரிமை மனிதருக்கு எங்கிருந்து வந்தது? கொல்லாமையை அறங்களின் தலையில் வைத்த ஒரு பண்பாட்டில் இது பொழுதுபோக்கான கேள்வி அல்ல.

செடிக்கு உயிர் உண்டு என்பதைத் தமிழ் மரபு அறிவியலிடமிருந்து கற்றுக்கொள்ளவில்லை. தொல்காப்பிய மரபியல், உயிர்களை அறிவின் எண்ணிக்கையால் அடுக்கும்போது புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிர் என்று முதல் படியில் வைக்கிறது. தொடுதலை உணரும் உயிர் அது. சமணமும் தாவரத்தை ஒரு புலன் கொண்ட உயிராகவே எண்ணியது. புழலில் இன்றும் ஆதிநாதர் கோயில் இருக்கிறது. இந்த வட்டாரத்துக்குச் சமணம் அயலான சமயமே அல்ல. பௌத்த விநய விதிகளில் துறவி செடிகொடிகளைச் சிதைப்பது குற்றம். சைவத்தில் எழுவகைப் பிறப்பில் தாவரமும் ஒன்று. புல்லாகவும் பூடாகவும் தாம் பிறந்து வந்த வழியை மாணிக்கவாசகர் நினைவுகூர்வது அந்த நம்பிக்கையில்தான். ஆக, ஏரிக்கரையில் பிடுங்கிப் போடப்பட்ட செடி இந்த மரபுகள் எதன் பார்வையிலும் வெறும் குப்பை அல்ல.

ஆனால் இதே மரபுகள் துறவிக்கும் இல்லறத்தாருக்கும் ஒரே கோடு போடவில்லை. சமணர்கள் இம்சையை நான்காகப் பிரித்தார்கள்: கொல்ல வேண்டும் என்று எண்ணியே கொல்வது, வீட்டு வேலையில் நேர்வது, தொழிலில் நேர்வது, தற்காப்பில் நேர்வது. முதலாவது இல்லறத்தாருக்கும் விலக்கு. மற்றவற்றை இயன்றவரை குறைத்துக்கொள்ள வேண்டும். களை பறிப்பது இந்தக் கணக்கில் தொழிலுக்கும் காப்புக்கும் நடுவே எங்கோ விழுகிறது. குற்றமே இல்லை என்று அந்தச் சமயம் சொல்லவில்லை. தவிர்க்க முடியாத குற்றம் என்கிறது. இந்த நுட்பம் முக்கியமானது. மனுநூல் இன்னும் கடுமையாக, கொழு மண்ணையும் மண்ணில் வாழும் உயிர்களையும் காயப்படுத்துகிறது என்று சொல்லி உழவையே குறைத்துப் பேசுகிறது. திருக்குறள் அந்த வழியில் போகவில்லை. உழவை உலகத்தின் அச்சாணியாக வைத்து, 1038ஆம் குறளில் எரு, களையெடுப்பு, நீர், காவல் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் பேசுகிறது. அங்கே களையெடுப்பு பயிரைக் காக்கும் வேலைகளில் ஒன்று, அவ்வளவே.

குறளில் களை இன்னும் இரண்டு இடங்களில் வருகிறது; இரண்டும் நின்று பார்க்க வேண்டியவை. 550ஆம் குறள், கொடியவரை அரசன் கொலைத் தண்டனையால் ஒறுப்பதைப் பைங்கூழில் களை எடுப்பதற்கு ஒப்பிடுகிறது. 879ஆம் குறள், முள்மரத்தை இளையதாக இருக்கும்போதே அழிக்கச் சொல்கிறது. முற்றிவிட்டால் அது களைபவரின் கையையே வருத்தும். பகையைப் பற்றிய உவமைதான் என்றாலும், கொல்லாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த புலவர் மரத்தின் விஷயத்தில் 'கொல்க' என்ற வினையையே கூசாமல் ஆளுகிறார். அழிப்பதற்கு மென்மையான வேறு சொல் தேடவில்லை. செய்வது கொலைதான் என்று பெயர் சொல்லிவிட்டே செய்யச் சொல்லும் நேர்மை அது. சீமைக்கருவேலத்தின் முள் குத்திய கையோடு வேலை செய்தவர்களுக்கு இந்தக் குறளுக்கு உரை தேவைப்படாது.

எனினும் 550ஆம் குறளின் ஒப்புமையைத் தலைகீழாக்கினால் ஒரு பிழை நுழைகிறது. கொடியவன் களையைப் போன்றவன் என்பதிலிருந்து, களை கொடியவனைப் போன்றது என்ற முடிவு வராது. கொடியவன் தெரிந்து செய்தவன். செடி எதையும் தெரிந்து செய்யவில்லை. சைவ சித்தாந்தத்தின் மொழியில் சொன்னால், தாவர உடலில் நிற்கும் உயிர் வினைப்பயனை நுகர்ந்துகொண்டிருக்கிறது. புதிதாகப் பழி தேடிக்கொள்ளும் நிலையில் அது இல்லை. வெங்காயத் தாமரை அல்லியை வெறுத்து மூடவில்லை. 'அரக்கன்', 'எதிரி', 'ஊடுருவல்காரன்' என்று நாளிதழ்களும் மேடைகளும் இந்தச் செடிகளுக்குச் சூட்டும் பெயர்கள், தண்டனைக்கு நியாயம் தேடும் பெயர்கள். இல்லாத குற்றத்துக்குத் தண்டனை கிடையாது. களையெடுப்புக்கு நியாயம் இருந்தால் அது வேறு இடத்தில் இருக்க வேண்டும்.

அந்நியம் என்பதில் அது இருக்கிறதா? இந்த வாதம் பலருக்குக் கவர்ச்சியானது. ஆனால் சிறிதளவு சோதனையையும் தாங்காதது. சிவன் கோயில்களில் பக்தியோடு போற்றப்படும் நாகலிங்க மரம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. மாலை தொடுக்கும் துலுக்கச் சாமந்தி மெக்சிகோவுக்கு உரியது. கோயில் வளாகங்களில் பூச்சொரியும் ஈழத்தலரியும் அதே திசையிலிருந்து வந்ததுதான். மிளகாயும் தக்காளியும் நிலக்கடலையும் வெங்காயத் தாமரையின் கண்டத்துச் சொந்தங்கள். எல்லா ஊரையும் தன் ஊராகக் கண்ட கணியன் பூங்குன்றனின் மொழியில், பிறந்த இடத்தைக் காட்டி ஓர் உயிரைத் தள்ளுவது பொருந்தாது. மனிதரில் பிறப்பை வைத்து இழிவு கற்பித்த கொடுமையை நெடுங்காலம் கண்ட நாட்டில், செடிக்காகவேனும் அந்த வாதத்துக்கு மீண்டும் உயிர் கொடுக்கக் கூடாது.

உள்ளூர்ச் செடியும் களையாகும் என்பதற்குச் சங்க இலக்கியமே சான்று. குறுந்தொகை 309ஆம் பாடலில் உழவர்கள் நெய்தலைக் களையென்று பறித்து வரப்பில் போடுகிறார்கள். கொடியவர்களின் வயல் என்று அது வேறு நிலம் தேடிப் போவதில்லை. பறித்தெறிந்த அதே வயலில் மீண்டும் பூக்கிறது. தலைவனை விட்டு நீங்காத அன்புக்கு அது உவமை. நெல்லுக்கு நடுவே நெய்தல் களை. குளத்தில் அதுவே நிலத்தின் அடையாளம். களை என்பது செடியின் சாதி அல்ல, இருக்கும் இடத்தோடு அதற்குள்ள உறவு.

உறவை அளக்க ஔவையிடம் ஓர் அளவுகோல் கிடைக்கிறது. மூதுரையில், குளம் வற்றியதும் பறந்துவிடும் பறவைகளை ஒரு பக்கமும், வற்றினாலும் சேற்றோடு சேர்ந்து வாடிக் கிடக்கும் கொட்டி, ஆம்பல், நெய்தலை மறுபக்கமும் வைத்து உண்மை உறவைக் காட்டுகிறார். மூன்றும் இந்த வட்டாரத்து ஏரிகளின் செடிகள். செம்பரம்பாக்கம் வற்றிய கோடைகளில் அந்தப் பாடலை நேரில் பார்க்கலாம். ஆனால் இந்த அளவுகோலும் முழுத் தீர்ப்பு தருவதில்லை. வெங்காயத் தாமரையின் விதையும் சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். ஒட்டியிருத்தலில் அதுவும் குறைந்ததல்ல. வேறுபாடு அடுத்த மழையில் தெரிகிறது. ஆம்பல் எழும்போது கொட்டிக்கும் மீனுக்கும் நாரைக்கும் இடம் விட்டு எழுகிறது. வெங்காயத் தாமரை எழும்போது வேறெதற்கும் இடம் இருப்பதில்லை. அதன் சொந்த நிலமான அமேசான் வடிநிலத்தில் அதைத் தின்னும் பூச்சிகளும் ஆற்றின் ஓட்டமும் அதை அளவில் வைத்திருக்கின்றன. இங்கே அந்தத் துணை இல்லை. எதிரி இல்லாமை இந்தச் செடியின் வலிமை. அதுவே அதன் அனாதைத்தனமும்கூட.

அதன் பெயரிலும் ஒரு செய்தி இருக்கிறது. மக்கள் பேச்சில் இதை ஆகாயத் தாமரை என்றும் சொல்கிறார்கள். சித்த மருத்துவ நூல்களில் அந்தப் பெயர் வேரை நீரில் தொங்கவிட்டு மிதக்கும் இன்னொரு சிறு செடிக்கு உரியது. தத்துவ நூல்களிலோ ஆகாயத் தாமரை என்பது முயற்கொம்பைப் போல, சொல் மட்டும் உண்டு, பொருள் கிடையாது என்பதற்கு எடுத்துக்காட்டு. வேரூன்ற மண் இல்லாமல் தாமரை இராது என்பது அந்த உவமையின் உள்ளீடு. மண் இல்லாமலே வாழும் இந்தச் செடி எதை உண்டு வாழ்கிறது என்று கேட்டால் விடை தெளிவு: வீடுகளும் ஆலைகளும் நீரில் விடும் கழிவின் தழைச்சத்தும் மணிச்சத்தும்தான் அதன் மண். தெளிந்த நீரில் அது மெலிந்து நிற்கும். கழிவு கலந்த கால்வாயில் கொழுக்கும்.

இங்கேதான் பழி போய்ச் சேரும் இடம் தெரிகிறது. சீமைக்கருவேலம் தானாகக் கடல் தாண்டவில்லை. 1870களில் சென்னை மாகாண வனத்துறை விறகுக்காக விதை வரவழைத்து, 1877ல் கடப்பைப் பகுதியில் விதைத்தது. உண்ணிச்செடியை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அழகுக்கும் வேலிக்குமாகக் கொண்டுவந்தார்கள். வெங்காயத் தாமரையும் பூவின் அழகுக்காக வந்தது. அது வங்கத்தின் ஆறுகளை அடைத்து, 1936ல் அதற்கென்று அங்கே ஒரு சட்டமே இயற்ற வேண்டியதாயிற்று. அடையாற்றங்கரையிலேயே ஒரு பழைய கதை உண்டு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் சப்பாத்திக்கள்ளித் தோட்டம் போட்டார். கள்ளியில் வாழும் பூச்சியிலிருந்து செஞ்சாயம் எடுத்து வணிகம் செய்வது நோக்கம். 1795ல் பிரேசிலிலிருந்து வங்கத்துக்கு வந்த பூச்சி சாயத்துக்கு உதவாத வேறு இனமாகப் போயிற்று. சாயம் கைகூடவில்லை, கள்ளி வகைகள் மட்டும் மாகாணமெங்கும் தரிசுகளில் பரவின. பிறகு அந்தப் பூச்சியே ஒரு வகைக் கள்ளியைத் தின்று ஒடுக்கியது. இன்னொரு வகையை ஒடுக்க 1926ல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சி இனம் வந்தது.

கொண்டுவந்தது மனிதர், ஊட்டி வளர்ப்பதும் மனிதர் என்றால், பிடுங்குவதற்குச் சரியான பெயர் கழுவாய். செய்த பிழையைச் செய்தவரே கழுவிக்கொள்ளும் செயல் அது. தண்டனையில் கை ஓங்குபவர் தூயவராக நிற்கிறார். கழுவாயில் அவர்தான் கடன்பட்டவர். செயல் ஒன்றாக இருந்தாலும் செய்யும் முறை இதனால் மாறுகிறது. சாக்கடையை ஏரிக்குள் விட்டுக்கொண்டே ஆண்டுதோறும் வெங்காயத் தாமரையை வாரிக் கரையில் குவிப்பது கழுவாய் ஆகாது. அடுத்த மழையில் குவியல் பாதி நீருக்கே திரும்பும், மீதி இடத்தில் புதிது முளைக்கும். அது பயனற்ற கொலை. இயன்றவரை குறைவான உயிர்ச்சேதம் என்ற சமண அளவில் பார்த்தாலும், கழிவை நிறுத்துவதுதான் முதல் அகிம்சை. அவ்வாறே பூக்குமுன், விதைக்குமுன், இளையதாகப் பிடுங்குவது வேலைக்கும் எளிது, அழியும் உயிர்க்கணக்கும் குறைவு. பொக்லைனை இறக்கிக் கரையைச் சுரண்டினால் சீமைக்கருவேலத்தோடு சங்கஞ்செடியும் நீர்முள்ளியும் சேர்ந்து போகும். வெறுமையான மண்ணில் மறுபடி முதலில் முளைப்பது சீமைக்கருவேலமே.

வள்ளலார் இந்த எல்லைக்கு மிக அருகில் வந்து பேசியவர். பயிர் வாடக் கண்டு தாமும் வாடியவர் என்றே நாடு அவரை நினைக்கிறது. ஜீவகாருண்ய ஒழுக்கத்தில், மர வகைகளின் விதை, காய், கனி, இலையை உண்பது உயிர்க்கொலை ஆகுமா என்ற கேள்வியை எடுத்து, நகமும் மயிரும் களைவது போல அவற்றை எடுப்பதில் உயிருக்குத் துன்பம் இல்லை என்று விளக்குகிறார். அந்த விளக்கம் வேரோடு பிடுங்குவதைத் தொடவில்லை. அவர் பாடிய தலங்களில் ஒன்றான திருமுல்லைவாயிலின் கதையோ நேராக அதைத்தான் தொடுகிறது.

தொண்டைமான் குறும்பரோடு போரிடப் போகும் வழியில், யானையின் கால்கள் முல்லைக்கொடியில் சிக்கிக்கொண்டன. அரசன் வாளால் கொடியை வெட்டினான். வெட்டிய இடத்திலிருந்து குருதி பெருகியது. புதருக்குள் இருந்த இலிங்கத்தின் மேல் வாள் பட்டிருந்தது. அவன் தன் உயிரையே மாய்த்துக்கொள்ள முனைந்தபோது இறைவன் தோன்றித் தடுத்தான் என்பது தலவரலாறு. அங்கே எழுந்த கோயிலில் மாசிலாமணீசுவரரின் திருமேனி இன்றும் சந்தனக் காப்புக்குள் இருக்கிறது. சித்திரைச் சதயத்தை ஒட்டி மட்டும் காப்பு களைந்து மீண்டும் சாத்துகிறார்கள். வாள் பட்ட காயத்துக்கு ஆண்டு முழுவதும் சந்தனம். வெட்டப்பட்ட முல்லையே தலமரம்.

கொடியை வெட்டவே கூடாது என்று கதை சொல்வதாகக் கொள்வது மேலோட்டமான வாசிப்பு. யானை நகர வேண்டியிருந்தது, கொடி தடுத்தது. அரசனின் பிழை, புதருக்குள் என்ன இருக்கிறது என்று பாராமல் வாளை வீசியது. பிழை தெரிந்ததும் அவன் கொடியைப் பழிக்கவில்லை, யானையைப் பழிக்கவில்லை. அந்த இடத்திலேயே நின்று கோயில் எடுத்தான். ஏரிக்கரைக் களையெடுப்புக்கு இந்த வட்டாரம் தன் கைவசம் வைத்திருக்கும் இறையியல் இதுவே: பார்த்து வெட்டு, வெட்டினால் காயம் உண்டென்று ஒப்புக்கொள், ஒப்புக்கொண்டபின் அங்கேயே இரு.

பார்த்து வெட்டுவதில், அந்தச் செடியை நம்பி வாழ்வோரைப் பார்ப்பதும் அடங்கும். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் சீமைக்கருவேலக் கரிமூட்டம் பல குடும்பங்களின் அடுப்பை எரிய வைக்கிறது. கூந்தன்குளத்தில் நீர்ப்பறவைகள் அந்த மரங்களில் கூடு கட்டுகின்றன. 2017ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை இவற்றை அகற்ற உத்தரவிட்டபின், அதே ஆண்டில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. தயங்கியதில் தவறில்லை, நூறாண்டுக்கு மேல் நின்ற மரத்தைச் சுற்றி வேறு உயிர்கள் வாழப் பழகியிருக்கும். 2022ல் தமிழக அரசு வெளியிட்ட அயல் தாவரக் கொள்கை, அகற்றுவதோடு இயல்பான சூழலை மீட்பதையும் சேர்த்தே பேசுகிறது. அந்த இணைப்பு இல்லாவிட்டால் கொள்கையில் கோடரி மட்டுமே மிஞ்சியிருக்கும்.

பூச்சியை ஏவி அழிப்பது தனிச் சிக்கல். 1980களில் பெங்களூரில் பார்த்தீனியத்துக்கு மெக்சிகோ வண்டும், வெங்காயத் தாமரைக்குக் கூன்வண்டுகளும் விடப்பட்டன. கையில் அரிவாள் இல்லாததால் பாவமும் இல்லை என்று இதைக் கொள்ள முடியாது. ஏவியவர்க்கும் வினை உண்டு என்பது எல்லா இந்தியச் சமயங்களுக்கும் பொது. ஆனால் செடியைப் பூண்டோடு அழிக்காமல், தாயகத்தில் அதற்கு இருந்த அளவை இங்கும் திருப்பித் தருவது அந்த வண்டு. வேறு செடியை அது தொடாது என்று ஆண்டுக்கணக்கில் சோதித்துத் தெளிந்திருந்தால், வாளை விட அதுவே பொருத்தம். சைதாப்பேட்டைக் கள்ளியின் கதை, அந்தச் சோதனையில் அவசரம் காட்டக் கூடாது என்பதற்கு உள்ளூர் எச்சரிக்கை.

'அங்கேயே இரு' என்பதுதான் மூன்றிலும் கடினம். பிடுங்கிய நிலத்தில் காரையும் களாவும் சூரையும் மெதுவாக வளரும். முதல் ஆண்டுகளில் நீர் ஊற்ற வேண்டும், ஆடு கடிக்காமல் முள்வேலி கட்ட வேண்டும். அந்த வேலிக்கு வெட்டிப்போட்ட சீமைக்கருவேல முள்ளே போதும். நீரில், கழிவு நின்றுவிட்டால், கொட்டியையும் ஆம்பலையும் யாரும் நட வேண்டியிருக்காது; சேற்றில் கிழங்கு இருந்தால் முதல் மழைக்கு இலை மேலே வரும். பக்கத்திலேயே வெங்காயத் தாமரையின் விதையும் முளைக்கும். அதை விரல்நீளம் இருக்கும்போதே எடுக்க, சென்ற ஆண்டு இறங்கிய அதே கைகள் இந்த ஆண்டும் ஏரிக்குள் இறங்க வேண்டும்.